துளையின் விட்டம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

அம்பாறை மாவட்ட அரிசி ஆலைகளுக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கும் எமது லேத் பட்டறைக்கு வரும் வரைபடங்களில் விட்டமும் நீளமும் மட்டுமே குறிக்கப்பட்டிருப்பது மிகுந்த கவலை தருகிறது. நான்கு துளைகளும் சரியான விட்டத்தில் இருந்தாலும், ஒன்று இடம் விலகினால் போல்ட் ஏறாது. பிறகு அரத்தால் துளையைப் பெருப்பிக்க வேண்டியதுதான்.

துளையின் மையம் இரு திசைகளிலும் கூட்டல் கழித்தல் 0.1 மில்லிமீற்றர் விலகலாம் என்று எழுதினாலும் சிக்கல் தீர்வதில்லை: மூலைவாட்டில் 0.14 விலகிய துளை ஏற்கப்பட, பக்கவாட்டில் 0.12 மட்டுமே விலகிய துளை கழிக்கப்படுகிறது. வரைபடங்களில் வடிவமும் இடமும் எவ்வளவு விலகலாம் என்பதைக் குறியீடுகளால் காட்டும் சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 1101-இன் வட்ட வலயம், அதாவது துளையின் மையம் ஒரு சிறு வட்டத்துக்குள் எங்கும் இருக்கலாம் என்ற வரம்பு, இம்முரணை நீக்குகிறது. அக்குறியீடுகளை இங்குள்ள தொழிற்பயிற்சி நிலையங்கள் லேத் பயிற்சியுடனேயே கற்பிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
சம்மாந்துறை.