விளக்கா, குடமா?

ஆசிரியருக்கு,

அரசியலமைப்புத் திருத்தம் என்றாலே நம் இலங்கை அரசாங்கங்களுக்கு காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட அவசரம். 1982 டிசெம்பரில் சர்வஜன வாக்கெடுப்பு வைத்து, விளக்கா (ஆம்), குடமா (இல்லை) என்று சின்னம் காட்டிக் கேட்டு, பொதுத் தேர்தல் வைக்காமலே பாராளுமன்றத்தை 6 வருடம் நீட்டினார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் அப்பாவுக்கு அன்று பிரஜாவுரிமையே இல்லை. அவரை யார் கேட்டார்கள்?

2010இல் 18ஆவது திருத்தம் அவசர சட்டமூலமாக வந்து ஒரே நாளில் நிறைவேறியது. 2015இல் 19, 2020இல் 20, 2022இல் 21. கட்டுவதும் பிரிப்பதுமாகவே போகிறது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக்கே மறுபடி கொழுந்து பறிக்க மாதக்கணக்கில் காத்திருக்கிறோம்!

அடுத்த வரைவைத் தமிழிலும் அச்சிட்டு, மடுவத்தில் கொழுந்து நிறுக்க நிற்பவரும் படித்துப் பேச மூன்று மாதமாவது கொடுங்கள். அப்புறம் வாக்குப்பெட்டியைக் கொண்டு வரலாம்.

ஒரு வாசகர்,
ஹட்டன்