அத்தையின் சுருக்குப்பை

குத்தாலம்

அன்புள்ள சிவராமா,

இங்கு அனைவரும் நலம். தை மாதம் நீ எழுதிய கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாதது என் தவறுதான். இன்று எழுத உட்கார்ந்தது மனம் ஆறாமல்.

சென்ற வாரம் அத்தையின் இரும்புப் பெட்டியைத் திறந்தோம். நமக்குப் புளிப்பு மிட்டாய் வாங்கப் பத்துப் பைசா எடுத்துத் தருவாளே, அதே சிவப்புச் சுருக்குப்பையில் 23 வெள்ளி ரூபாய்கள் இருந்தன. நான் போய்ச் சேர்வதற்குள் தம்பி மகன் அவற்றைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துத் தாம்பாளத்தில் பரப்பி வைத்திருந்தான். பிள்ளை ஆசையாகச் செய்தான், திட்ட மனம் வரவில்லை.

ஆனால் போனது என்ன தெரியுமா? விக்டோரியா ராணி தலை போட்ட 1862ஆம் ஆண்டு ரூபாயைப் பத்தாண்டுக்கும் மேலாக அதே ஆண்டைப் பொறித்தே அடித்தார்கள். காசு அடிக்கும் பம்பாய் அக்கசாலையில் மட்டும் எந்த ஆண்டில் அடித்தது என்று அறிய ஆண்டெண்ணுக்குக் கீழே ஊசிமுனை போன்ற புள்ளிகளை வைத்தார்கள். லென்ஸை வைத்து எவ்வளவு நேரம் பார்த்தும், ஒரு காசில் மூன்று புள்ளியா நான்கு புள்ளியா என்று என்னால் எண்ண முடியவில்லை. நூற்றைம்பது ஆண்டு கைமாறியும் அழியாதது ஒரு பிற்பகலில் மழுங்கிவிட்டது.

1911ஆம் ஆண்டு ரூபாய் ஒன்றும் இருக்கிறது. அதில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் உள்ள யானை, துதிக்கை குட்டையாகிப் பன்றிபோல் தெரிந்ததால் பெரும் எதிர்ப்பு எழுந்து, வெளியே விடாத காசுகளை உருக்கிவிட்டு, மறு ஆண்டு யானையைத் திருத்தி அடித்தார்கள். உன் கணக்கு வாத்தியார் மூக்கு போலத்தான் இருக்கிறது, வந்து பார்.

அண்ணன் எல்லாவற்றையும் உருக்கிக் கொலுசு செய்யலாம் என்றார். கடைக்காரர் ஒருவர் அத்தனையையும் ஒரே தட்டில் போட்டு, பாதிதான் வெள்ளி என்று விலை சொன்னார். 1940 முதல் அடித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய்க்கு அது பொருந்தும். பையில் அப்படிப்பட்டவை நான்கே. மற்ற பத்தொன்பதும் 11.66 கிராம் எடையில் ஆயிரத்துக்கு 916 பங்கு வெள்ளி. கல்லில் சுண்டிக் காட்டினேன். பழையது கணீரென்றது, புதியது மந்தமாக ஒலித்தது. அவர் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் என் பங்குக்கு வந்த வெள்ளிக் கூஜாவை அண்ணனிடம் விட்டுக்கொடுத்து, காசுகளைப் பையோடு வாங்கிவந்துவிட்டேன்.

தரங்கம்பாடிக் கரையில் மழை விட்ட காலையில் நாம் கண்டெடுத்து, பம்பரத்துக்கு ஈடாக நீ என்னிடமிருந்து பறித்துக்கொண்ட அந்தப் பொடிக்காசு இன்னும் உன்னிடம் இருக்கிறதா? ஒருபுறம் கிரீடமும் கீழே பின்னிய எழுத்தும் இருந்ததாக நினைவு. டேனிஷ்காரர்கள் 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுப் போகுமுன் புழங்கிய காசாகவே இருக்க வேண்டும். கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும், துணியால்கூடத் துடைக்காதே. பஞ்சில் பொதிந்து, ஐப்பசிக் கடைசி நாள் கடைமுக நீராடலுக்கு வரும்போது கையோடு எடுத்து வா. பம்பரத்தைத் திருப்பித் தருகிறேன்.

அன்புடன்,
வைத்தி