கிளினிக் நாளில் ஒரு மேசை போடுங்கள்

யாழ்ப்பாண மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும், மாவட்டத்தின் 15 பிரதேச செயலாளர்களுக்கும், வடமாகாண சமூக சேவைகள் திணைக்களத்தாருக்கும், சுகாதாரத் திணைக்களத்தாருக்கும்,

வணக்கம்.

மனநோயுள்ள தம்பியை வீட்டில் வைத்துப் பார்க்கும் ஒரு அக்கா எழுதுகிறேன். புதிய திட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. இருக்கிற உதவிகள் எங்கே கிடைக்கும், யாரிடம் கேட்பது என்று தேடியே எங்களைப் போன்ற குடும்பங்கள் களைத்துப் போகின்றன. அதற்குப் பெரிய செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் நாங்கள் ஏறி இறங்கும் படிகளைப் பாருங்கள். பொதுசன மாதாந்த உதவிப் பணம் மாகாணத்தின் அலுவல்; எங்கள் அம்மாமார் இன்றைக்கும் அதைப் பிச்சைச் சம்பளம் என்றுதான் சொல்வார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியச் செயலகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. 2023இல் அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு வந்தது. அதற்கு வேறு சபை, வேறு விண்ணப்பம். மருந்து கொடுக்கிற இடத்திலும் இப்படித்தான். போதனா வைத்தியசாலை கொழும்பு அமைச்சின் கீழ், ஊர் ஆஸ்பத்திரிகள் மாகாணத்தின் கீழ். இவையெல்லாம் பிரிந்து கிடப்பதற்கு உங்களிடம் நிர்வாகக் காரணம் இருக்கும். வாசலில் நிற்கிற தாய்க்கு எல்லாமே கவுண்மென்ட்தான்.

மனநோய் கிளினிக்குக்கு வருகிறவர்களின் கையைப் பாருங்கள். ஒரு சொப்பின் பை இருக்கும். அதற்குள் மூலை மடிந்த கிளினிக் கொப்பி, போன மாத மருந்தின் வெற்று அட்டைகள், சில வேளை ஒரு தண்ணீர்ப் போத்தல். கொப்பியில் மருந்தின் பெயரும் அளவும் அடுத்த திகதியும் இருக்கும். இந்த நோயாளிக்கு எந்த உதவிக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கு எந்த உத்தியோகத்தரைப் பார்க்க வேண்டும் என்பது எங்கேயும் இராது. டொக்டரைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே அத்தனை பேர் காத்திருக்க, அவர் ஊசியைப் பார்ப்பாரா விண்ணப்பப் படிவத்தைப் பார்ப்பாரா?

பிரதேச செயலகத்துக்குப் போனால் கதை மறுபக்கம். அங்கே இருக்கிறவர்களுக்குக் காலில்லாதவரைத் தெரியும், கண் தெரியாதவரைத் தெரியும். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. தம்பியை நேரே கூட்டி வரச் சொன்னார்கள். அம்மா விடியவே எழும்பி அவனைக் குளிக்க வார்த்து, சவரம் செய்வித்து, சேட்டை அயன் பண்ணிப் போட்டுவிட்டார். நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் பிள்ளையை வேறு எப்படிக் கூட்டிப் போவது? மேசையில் இருந்தவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மா, தம்பி நல்லாத்தானே இருக்கிறார்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவன் மூன்று கிழமை அறைக் கதவைத் திறக்காமல் கிடந்ததையும், யாரோ சாப்பாட்டில் நஞ்சு வைக்கிறார்கள் என்று பட்டினி கிடந்ததையும் அவனுக்கு முன்னால் வைத்தா சொல்வது?

சட்டம் உங்கள் மேசையிலேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உடல் ஆற்றலில் உள்ள குறைவையும் மன ஆற்றலில் உள்ள குறைவையும் சேர்த்தே பேசுகிறது. அந்தக் குறைவினால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுதாகவோ பகுதியாகவோ தானாகப் பார்த்துக்கொள்ள இயலாதவர் என்பதுதான் அதன் அளவுகோல். பகுதியாக இயலாவிட்டாலும் போதும் என்றால், அயன் பண்ணின சேட்டோடு வருகிற என் தம்பியும் அதற்குள் வருவான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சாசனமும் நீண்டகால மனப் பாதிப்பை விலக்கி வைக்கவில்லை.

இனி விதானையாரின், அதாவது கிராம உத்தியோகத்தரின், கையெழுத்து. எதற்கும் முதலில் அது வேண்டும் என்கிறார்கள். அங்கே போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று ஒதுங்கும் குடும்பங்கள் எத்தனையோ. வீட்டில் கலியாணம் பேசுகிற வயதில் ஒரு பெண்பிள்ளை இருந்தால் கேட்கவே வேண்டாம். காசில்லாமல் இருப்போம், கதை வெளியே போக வேண்டாம் என்றுதான் பெரியவர்கள் முடிவெடுப்பார்கள். இந்தப் பயம் சரியா பிழையா என்று வாதாடிக்கொண்டிருந்தால் மாத்திரை வாங்கப் போக பஸ் காசு வந்துவிடாது.

அதனால்தான் கேட்கிறேன். மாதத்தில் ஒரு கிளினிக் நாளில், கிளினிக் நடக்கிற இடத்திலேயே, சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர் ஒரு மேசை போட்டு இருக்கட்டும். உதவி தேவைப்படுகிற ஆட்கள் எல்லாரும் ஏற்கெனவே அங்கேதான் வாங்கில் காத்திருக்கிறார்கள். டொக்டரின் கடிதத்தை அங்கேயே வாங்கலாம். கொப்பியை அங்கேயே பார்க்கலாம். விதானையாரின் உறுதிப்படுத்தல் தேவை என்றால் அலுவலகமே அவரிடம் நேரே பெறலாம், அயலுக்குச் சொல்லத் தேவையில்லை. நடமாடும் சேவை என்று பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி நடத்தத் தெரிந்த உங்களுக்கு ஒரு மேசையும் இரண்டு கதிரையும் பெரிய காரியமா? நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் வந்து, பிறகு பஸ் பிடித்து வருகிறவருக்கு ஒரு பயணத்தில் இரண்டு அலுவலும் முடியும்.

மேசையில் ஒரு தாள் அடுக்கும் வையுங்கள். தமிழில், ஒரே பக்கம். எந்த உதவி, யாருக்கு, என்னென்ன பத்திரம் வேண்டும், எந்த நாளில் உத்தியோகத்தர் கதிரையில் இருப்பார், எடுக்கிற ஒரு தொலைபேசி இலக்கம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐயும் கீழே போடுங்கள். அரச வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 வீதம் ஒதுக்கச் சொல்லும் 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. குணமாகி வேலை தேடுகிற பெடியன்கள் அதைக் கேள்விப்பட்டதேயில்லை, அதையும் ஒரு வரி.

கண் தெரியாத பிள்ளைகளைப் பார்க்கும் சுன்னாகம் வாழ்வகமோ, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான கோண்டாவில் சிவபூமிப் பாடசாலையோ என்று கேட்டால் ஓட்டோக்காரர் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். தருமம் செய்கிறவர்களின் முகவரி ஊருக்கே தெரியும். சட்டப்படி தர வேண்டியதைத் தருகிற இடத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இது உங்களுக்கு உறைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த மடலைப் பத்திரிகைக் கடிதமாக மட்டும் விட்டுவிடப் போவதில்லை. மனநோயைக் காரணமாகக் காட்டி வந்த விண்ணப்பங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை மறுக்கப்பட்டன, என்ன காரணத்துக்காக என்று 15 பிரதேச செயலகங்களிடமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கிறோம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எழுத முடியாத ஒருவர் வாயால் கேட்டால் தகவல் உத்தியோகத்தரே அதை எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எங்களில் சிலர் அப்படித்தான் வந்து கேட்பார்கள். அவர்களை இருத்தி, கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அக்கா
யாழ்ப்பாணம்