ஜே கே பீ ஓ என்று வாசித்த கணினியைத் தமிழ் வாசிக்க வைத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு மண்டூரில் இருந்து எழுதுகிறேன். தம்பி சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டான் என்பது ஊருக்குத் தெரியும், அம்மா கோயிலில் வைத்த பொங்கலில் வாவிக்கு அந்தப் பக்கமும் தெரிந்திருக்கும். தமிழுக்கு ஏ, வரலாற்றுக்கு பி, கணிதத்துக்கு சி. வீட்டில் அந்த சியைப் பற்றித்தான் அதிகம் பேச்சு. ஆனால் இது யார் யாரால் நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியாது, உதவி செய்த சிலருக்கே தாங்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியாது, அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். பெயர் போடவேண்டாம் என்று மூன்று பேர் கட்டாயமாகச் சொல்லிவிட்டார்கள். மூன்று பேரை விட்டுவிட்டு மற்றவர்களைப் போட்டால் சரியாக இருக்காது, ஆகவே யாருடைய பெயரும் இல்லை, கோவிக்க வேண்டாம்.

தம்பிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. 2019இல் ஆறாம் தரத்துக்கு இடம் கேட்டு அம்மா அவனைக் கையில் பிடித்துக்கொண்டு போனபோது, ஒரு பாடசாலையில் "இங்க வசதி இல்ல, இவர வெளி மாவட்டத்துக்கு அனுப்புங்க" என்றார்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலதுகுறைந்தவர் என்ற காரணத்துக்காகக் கல்வியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது என்பதெல்லாம் அன்றைக்கு அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அம்மா அங்கே நின்று சட்டம் பேசியிருக்க மாட்டா. பேசாமல் திரும்பி வந்தா. இரண்டாவது பாடசாலையின் அதிபர், "வரட்டும், வந்தபிறகு வசதியப் பாப்பம்" என்றார். சேர், உங்களுக்குத்தான் முதல் நன்றி. அந்த ஒரு வசனத்தை நீங்கள் மறந்திருப்பீர்கள், அம்மா மறக்கவில்லை.

விசேட கல்வி அலகு டீச்சருக்கு எப்படி நன்றி சொல்வதென்று உண்மையாகவே தெரியவில்லை. விரலால் தடவி வாசிக்கும் பிரெய்லின் ஆறு புள்ளிகளுக்குள் தமிழ் முழுவதையும் அவனுடைய விரலுக்குள் போட்டவர் நீங்கள். ஒருநாள் அவன் வந்து, "அக்கா, நீங்க 'கே' எழுதக்குள்ள ஏன் கொம்ப முன்னுக்குப் போடுறீங்க? வாயில 'க'தானே முதல் வருது?" என்று கேட்டான். பிரெய்லில் க எழுதி அதற்குப் பிறகுதான் ஏ எழுதுவார்களாம். எனக்குப் பதில் வரவில்லை, இன்றைக்கும் இல்லை. அப்புறம் அந்தப் படம். காட்போர்ட் மட்டையில் பசை பூசி, சணல் நூலால் இலங்கையின் கரையைச் சுற்றி, மட்டக்களப்பு வாவிக்கு மட்டும் மெல்லிய நூல் ஒட்டிக் கொடுத்தீர்களே, 56 கிலோமீற்றர் வாவியை அவன் ஒற்றை விரலால் தடவிக்கொண்டு போய் "எங்கட பாதை ஓடுறது எந்த இடம்?" என்று கேட்டானாம். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஓடும் பாதையில்தான் அவன் பாடசாலைக்குப் போய்வந்தான். (வெளியூர்க்காரருக்கு: எங்கள் பக்கம் பாதை என்றால் ரோட்டு இல்லை, ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை.) பாதைக்காரத் தம்பிமாருக்கும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். லப்டொப் வந்த பிறகு, தண்ணீர் தெறிக்காத மூலையில் அவனுடைய பையை வைப்பதற்கென்றே ஒருவர் நிற்பார். மாரிகாலத்தில் தன்னுடைய மழைக்கோட்டைக் கழற்றிப் பைக்குப் போர்த்தி, தான் நனைந்தபடி நின்றவரை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

லப்டொப் கதைக்கு வருகிறேன். முதலில் வந்த ஒன்று ஒரு விழாவில் கிடைத்தது. மாலை, மேடை, படம் எல்லாம் நடந்தது, யார் தந்தது என்று சொல்லமாட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் அதில் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் எதுவும் இல்லை, கண் தெரியாத பிள்ளைக்கு அது ஒரு சூடான பலகை. ஒரு மாதத்தில் அதுவும் செத்துப்போனது. பிறகு 2021இல் கனடாவில் இருக்கும் மச்சாள் தான் பாவித்த பழையதை ஆட்களிடம் கொடுத்து அனுப்பினா. அதில் என்.வி.டி.ஏ. என்ற, திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளை ஏற்றித் தந்தது எங்கள் ஐ.சி.டி. சேர். அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர், மைக்கேல் கரன், 2006இல் தொடங்கிய மென்பொருள் அது, பிறகு அவருடைய நண்பர் ஜேம்ஸ் டே சேர்ந்தார், அவருக்கும் பார்வை இல்லை. காசு கேட்காமல் உலகத்துக்கே கொடுக்கிறார்கள். சேர் அதைப் பென் ட்ரைவிலும் போட்டுக் கொடுத்ததால் பாடசாலைக் கணினி அறையில் எதையும் நிறுவாமலே, எந்தக் கணினியில் குத்தினாலும் அது தம்பியோடு பேசத் தொடங்கிவிடும். தமிழும் பேசும். இரும்புக் குரல்தான், வாய்க்குள் புளியங்கொட்டை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருக்கும், அவனுக்குப் பழகிவிட்டது. இப்போது அவன் வைக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

சரி, கணினி பேசுகிறது, இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்தோம். முதல் வினாத்தாளைத் திறந்தோம். என்.வி.டி.ஏ. ஏதோ பேய்ப் பாஷை பேசியது. எழுத்தெழுத்தாக நகர்த்தினால் "ஜே, கே, பீ, ஓ, செமிகோலன்" என்றது. திரையில் எனக்குத் தெரிந்தது "தமிழ்" என்ற சொல்.

காரணம் பாமினி. எங்கள் பக்கம் வினாத்தாள், குறிப்பு, கடிதம், கல்யாணக் காட் எல்லாமே பல காலமாகப் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். அதற்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். கண் உள்ளவனுக்குப் போர்வை தெரியும், கண் இல்லாதவனுக்குக் கணினி உள்ளே இருப்பதை வாசிக்கும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு உள்ள யுனிகோடில் அடித்திருந்தால் தமிழாகவே வாசித்திருக்கும். இதைச் சொன்னால், "பிரிண்ட் எடுத்தா வடிவா வருதுதானே?" என்பார்கள். வரும்தான். எத்தனை பேரிடம் எத்தனை தடவை விளக்கியிருப்பேன், கடைசியில் எனக்கே நாக்குத் தள்ளிவிட்டது.

இந்த இடத்தில்தான் களுவாஞ்சிகுடிக் கொமினிகேஷனில் (ரைப், போட்டோக்கொப்பி செய்யும் கடை) வேலை செய்யும் தங்கச்சி வந்தா. ரைப் செய்யக் கொடுக்கப் போன இடத்தில் என் புலம்பலைக் கேட்டவ. பொங்குதமிழ் என்ற எழுத்துரு மாற்றியில் பாமினியைப் போட்டு யுனிகோடாக எடுக்கலாம் என்று காட்டித் தந்ததும் அவதான், மாற்றியபிறகு நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களும் சூத்திரங்களும் சிதைந்துபோவதை ஒவ்வொன்றாகத் திருத்தித் தந்ததும் அவதான், மாற்றவே முடியாத பழைய போட்டோக்கொப்பிகளைக் கடை பூட்டியபிறகு இருந்து புதிதாக அடித்ததும் அவதான். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் கடையில் எங்களிடம் வாங்கியது முதல் நாள் காசு மட்டும். தங்கச்சி, கடை முதலாளிக்குத் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவருக்குத் தெரியும், அவரே எனக்குச் சொன்னார். முதலாளி ஐயாவுக்கும் நன்றி.

2020இல் பாடசாலை பூட்டியிருந்தபோது வகுப்புக் குறிப்பெல்லாம் வட்ஸ்அப்பில் கையெழுத்துப் படங்களாக வந்தன. போன் வாசித்தது "படம், படம், படம்". வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் யாரும் கேட்காமலே குறிப்பை வாசித்துக் குரல் பதிவாக அனுப்பத் தொடங்கினார்கள். ஒருத்தியின் பதிவில் பின்னால் எப்போதும் ஆடு கத்தும். இன்றைக்கும் ஒளித்தொகுப்பு என்றால் தம்பிக்கு அந்த ஆட்டின் சத்தம்தான் நினைவுக்கு வருமாம்.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் பழைய பற்றரி அரை மணித்தியாலமும் தாங்கவில்லை. புதுப் பற்றரியைக் கொழும்பில் இருந்து எடுப்பித்துப் போட்டு, சாமான் விலை மட்டும் வாங்கிய போன் கடை அண்ணாவுக்கு நன்றி, அந்த விலையையும் நாலு மாதத்தில் பிரித்துத்தான் கொடுத்தோம். 2024 நவம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பிரெய்ல் தாள்கள் எல்லாம் ஊறிப்போயின. காய வைத்து எடுத்தால் புள்ளிகள் படுத்துவிட்டன, விரலுக்கு வெறும் தாள். தம்பி அன்றைக்கு அழுததுபோல் நான் பார்த்ததில்லை. பரீட்சை 2025 மார்ச்சில். பாடக் குறிப்புகள் பென் ட்ரைவில் மிஞ்சியிருந்தன, டீச்சர் கணிதத்தை மட்டும் திரும்பவும் உட்கார்ந்து குத்தித் தந்தார். அந்த சி உங்களுடையதும்தான், டீச்சர்.

பரீட்சையில் அவன் சொல்லச் சொல்ல எழுதிய உதவியாளருக்கும் ஒரு வார்த்தை. அவன் சொன்னதை மட்டும் எழுதினீர்களாம், உங்களுக்குத் தெரிந்த விடையையும் எழுதவில்லை, அவன் திருத்தச் சொன்னபோது முகம் சுளிக்கவும் இல்லையாம். முகம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "குரலில தெரியும்" என்றான்.

இதை எழுதி முடித்து முதலில் அவனுக்குத்தான் கொடுத்தேன். கேட்டுவிட்டு, இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை என்றும், அழுத கதையை எடுக்கச் சொல்லியும் சொன்னான். பிழையைத் திருத்திவிட்டேன். கதையை எடுக்கவில்லை.

தரம் 10, 11 வரலாறு, தமிழ், விஞ்ஞானக் குறிப்புகள் யுனிகோடில் எங்களிடம் இருக்கின்றன. ஒரு பிரதி அந்தக் கொமினிகேஷனிலேயே இருக்கிறது, பென் ட்ரைவைக் கொண்டுபோனால் போட்டுத் தருவா, காசு இல்லை. உயர்தரத்துக்கு அவன் புவியியல் எடுத்திருக்கிறான், அந்தக் குறிப்புகள் பாதியில் நிற்கின்றன. பின்னேரங்களில் ஒரு மணித்தியாலம் அடித்துத் தரக்கூடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பாமினியில் வேண்டாம்.