மாமா, உங்கள் பட்டியலில் எட்டு இடம் பாக்கி

அன்புள்ள மாமாவுக்கு,

பினாங்கில் ஒரே நாளில் பார்த்துவிடச் சொல்லி 11 இடம் எழுதிக் கொடுத்தீர்கள். மூன்றைத்தான் பார்த்தேன். திட்டுவதற்கு முன் முழுக்கப் படித்துவிடுங்கள்.

காலையில் பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி ஜார்ஜ் டவுனில் இறங்கினேன். முதலில் மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி ஆண்ட அறுபது வருஷத்துக்கு, வருஷத்துக்கு ஓரடி வீதம் 60 அடி உயரம். உலகப்போரில் பக்கத்தில் குண்டு விழுந்து லேசாகச் சாய்ந்துவிட்டது என்கிறார்கள். எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதற்குள் என் கழுத்துதான் சாய்ந்தது. அப்புறம் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில். உள்ளே நல்ல குளுமை, உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மலை ரயில் அங்கேயே ரத்து.

மதியம் நாசி கண்டார். துறைமுகத்துக் கூலிகளுக்காக நம் தமிழ் முஸ்லிம்கள் காவடித்தடியில் சோறும் குழம்பும் சுமந்து விற்றது. அந்தத் தடிதான் கண்டார். கடைக்காரரின் தாத்தா ராமநாதபுரம் பக்கமாம். "பஞ்சிரா ஊத்தவா?" என்றார். பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். தலையாட்டினேன். நாலு குழம்பும் கலந்து தட்டை மூழ்கடித்து, உங்கள் பட்டியலில் ஆறிலிருந்து ஒன்பது வரை அழித்துவிட்டது. (மீன்குழம்பு அத்தை வைப்பதற்கு ஈடில்லை. கணவாய் மட்டும் ஈடு.)

"எந்த ஊரு?" என்றார். நாகப்பட்டினம் என்றதும், "அப்ப தர்காவுக்குப் போயிட்டீங்கதானே?" என்றார். எனக்குப் புரியவில்லை. சூலியா தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது மாமா! நாகூர் ஆண்டவரின் அடக்கம் நம் ஊர்ப் பக்கம்தான். கடல் தாண்டி வந்தவர்கள் இங்கே அவர் நினைவாக ஒன்று கட்டிக்கொண்டார்கள். சின்னதுதான். நாகூருக்குப் பக்கத்திலேயே பிறந்த நீங்கள் இதைப் பட்டியலில் விட்டது எப்படி?

சாயங்காலம் சியூ துறை. சீனர்கள் கடலுக்குள் கால் நட்டுப் பலகை வீடுகள் கட்டியிருக்கிறார்கள், ஒரு குலத்துக்கு ஒரு துறை. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைக்கு அடியில் ஒரு மணி நேரம் நின்றேன். காலடியில் பலகை இடுக்கு வழியே கடல் தெரிந்தது. மழை விட்டதும் பலகை முனை வரை போனேன். தூரத்தில் இரண்டு கப்பல் நங்கூரம் போட்டு நின்றன. உங்கள் காலத்து ரஜூலா கப்பல் நாகையில் கரைக்கு வராமல் தள்ளி நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும் என்று சொல்வீர்களே, அந்தத் தூரம்தான் இருக்கும். இருட்டும் வரை அங்கேயே இருந்தேன்.

ஜாதிக்காய் ஊறல் இரண்டு பொட்டலம் வாங்கியிருக்கிறேன். சர்க்கரை அதிகம். அத்தை கண்ணில் படாமல் தருகிறேன்.

உங்கள் மருமகன்