ரவுட்டரைப் பொருத்திவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணைய இணைப்பு வழங்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், ரவுட்டர் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் வலையமைப்புப் பொறியியல் படித்தவனல்லன். கணினி ஓரளவு தெரியும் என்பதால், உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் "நெட் வரவில்லை, கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று அழைக்கும்போது போய்ப் பார்த்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் வழக்கமாகிவிட்டது. அப்படிப் போன வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் நான் கண்ட கோளாறுகளில் பெரும்பாலானவை கருவியின் கோளாறுகள் அல்ல. கருவி நன்றாகத்தான் இருந்தது. அது என்ன செய்கிறது என்பதை அதை வைத்திருப்பவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் என்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

புதிய இணைப்பு கொடுக்கும் நாளில் நடப்பது உங்களுக்கே தெரியும். உங்கள் ஊழியர் வருகிறார், கேபிளை இழுக்கிறார், பெட்டியைச் சுவரில் மாட்டுகிறார், விளக்குகள் பச்சையாகும் வரை காத்திருக்கிறார். பிறகு தம் கைபேசியில் வேகத்தைச் சோதித்து, திரையில் வந்த எண்ணை வீட்டுக்காரரிடம் காட்டி, வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நாளைக்கு இத்தனை இணைப்பு என்று அவரிடம் கணக்குக் கேட்பவர்கள் நீங்கள்தாம். ஆனால் அவர் விட்டுச் செல்வது இரவும் பகலும் ஓயாமல் இயங்கும் ஒரு கணினி. வீட்டிலுள்ள மற்ற எல்லாக் கருவிகளும் வெளியுலகோடு பேச வேண்டுமானால் அதைக் கடந்துதான் போக வேண்டும். அது ஒரு கணினி என்பதே அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது.

சொல்ல வேண்டியது அதிகமில்லை. ரவுட்டருக்கு வெளிப்பக்கம், உள்பக்கம் என்று இரண்டு பக்கங்கள் உண்டு என்பதைச் சொன்னாலே பாதி விளங்கிவிடும். உங்கள் கேபிள் வந்து சேரும் போர்ட் வெளிப்பக்கம். பல பெட்டிகளில் அது மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். மற்ற போர்ட்டுகளும் வைஃபையும் உள்பக்கம். வெளிப்பக்கத்துக்கு நீங்கள் ஓர் ஐபி முகவரியை, அதாவது வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்ணை, கொடுக்கிறீர்கள். உள்பக்கத்தில் கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, பிரிண்டர் என ஒவ்வொன்றுக்கும் ரவுட்டரே ஒரு முகவரியைக் கொடுக்கிறது. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் அந்த எண்கள், எவரும் தங்கள் சொந்த வலையமைப்புக்குள் யாரையும் கேட்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவை. 1996இல் வெளியான இணைய ஆவணம் ஒன்று அவற்றை வரையறுத்தது. ஐபியின் நான்காம் பதிப்பில் மொத்த முகவரிகளே சுமார் 430 கோடிதான். ஆகவே ஒரு வீட்டுக்கு வெளியே ஒரு முகவரி, உள்ளே பல முகவரிகள் என்ற ஏற்பாடு தேவைப்பட்டது. உள்ளிருந்து எந்தக் கருவி எதைக் கேட்டது என்பதை ரவுட்டர் குறித்து வைத்துக்கொண்டு, பதில் வரும்போது கேட்ட கருவியிடமே சேர்க்கிறது. இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் எதுவும் தேவையில்லை. தாளில் வரைந்து காட்டினால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிறது.

இவ்வளவு தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய ஒரு தொல்லையை நான் அருகிலிருந்து பார்த்தேன். நண்பர் ஒருவரின் அலுவலகம். ஏழு பேர், ஒரே பிரிண்டர். உள்ளறைக்கு வைஃபை எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டரை வாங்கி, பழைய ரவுட்டரின் உள்பக்கப் போர்ட்டிலிருந்து கேபிள் இழுத்துப் புதியதன் உள்பக்கப் போர்ட்டில் செருகியிருந்தார்கள். அன்று முதல் சிலருக்கு இணையம் வந்தது, சிலருக்கு வரவில்லை. காலையில் அச்சிட்ட கணினி மாலையில் பிரிண்டரைக் காணவில்லை என்றது. இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் உதவி எண்ணை மூன்று முறை அழைத்திருக்கிறார்கள். மூன்று முறையும் "அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்ற பதில்தான் கிடைத்தது. அணைத்துப் போட்டால் சில மணி நேரம் சரியாகவும் இருந்தது. அதனால்தான் காரணத்தைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நான் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்த இரண்டு கணினிகளைத் திறந்து முகவரியைப் பார்த்தேன். ஒன்றில் 192.168.1.14 என்றிருந்தது, மற்றதில் 192.168.0.103 என்றிருந்தது. ஒரே அறை, ஒரே கேபிள் வலை, ஆனால் இரண்டு வெவ்வேறு முகவரித் தொடர்கள். இரண்டு ரவுட்டர்களுமே முகவரி கொடுத்துக்கொண்டிருந்தன. கணினி முகவரி கேட்டுக் குரல் கொடுக்கும்போது எது முந்திக்கொண்டு பதில் சொல்கிறதோ அதனிடம் பெற்றுக்கொள்கிறது. புதிய ரவுட்டரிடம் பெற்ற கணினிகள் இணையத்துக்கான வழியையும் அதனிடமே கேட்டன. அதன் வெளிப்பக்கப் போர்ட்டிலோ எதுவும் செருகப்படவில்லை. புதிய ரவுட்டரில் டிஹெச்சிபி எனப்படும் முகவரி வழங்கும் வேலையை நிறுத்தினேன். முதல் ரவுட்டர் வழங்கும் எல்லைக்கு வெளியே 192.168.1.2 என்ற முகவரியை அதற்குக் கொடுத்தேன். பிரிண்டருக்கு என்றும் மாறாத ஒரு முகவரியை முதல் ரவுட்டரில் பதிவு செய்தேன். கால் மணி நேர வேலைதான். ரவுட்டர் தயாரிப்பவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: முதன்முறை அமைக்கும்போது திரையில் வரும் முதல் கேள்வி, "இங்கே ஏற்கெனவே ஒரு ரவுட்டர் இருக்கிறதா?" என்பதாக இருக்கட்டும். ஆம் என்றால் மேற்சொன்ன மாற்றங்களைப் பெட்டி தானே செய்துகொள்ளட்டும். அந்த வசதி இன்று பல பெட்டிகளில் 'ஆக்சஸ் பாயின்ட் மோடு' என்ற பெயரில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தேவைப்படுபவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.

அடுத்து, கடவுச்சொல். ரவுட்டருக்கு இரண்டு சாவிகள் உண்டு என்பதை வீடுகளில் எவரும் அறிந்திருப்பதில்லை. வைஃபை கடவுச்சொல் வலையமைப்புக்குள் நுழைவதற்கு. நிர்வாகக் கடவுச்சொல் ரவுட்டரின் அமைப்புகளையே மாற்றுவதற்கு. முதல் சாவியை வீட்டுக்காரர் விருந்தினருக்குக் கொடுக்கவே தயங்குகிறார். இரண்டாவது சாவியோ, 'அட்மின்' என்ற பெயரும் 'அட்மின்' என்ற கடவுச்சொல்லுமாக, ஆண்டுக்கணக்கில் பூட்டிலேயே தொங்குகிறது. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரலுக்குப் பெரிய மதிநுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் தொழிற்சாலையில் வைத்த பெயர், கடவுச்சொல் இணைகள் சுமார் 60ஐ வரிசையாக முயன்று பார்த்தே அது கருவிகளைப் பெருந்திரளாகக் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் அந்தக் கருவிகளைக் கொண்டு டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். இணையதளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையை வழங்கும் நிறுவனம் அது. அப்போது பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் எட்டாமல் போயின.

வீட்டுக்குள் நேரும் தீங்கு இதைவிட ஓசையற்றது. ரவுட்டரின் அமைப்புகளை மாற்ற முடிந்தவர், அது பயன்படுத்தும் டிஎன்எஸ் சேவையின் முகவரியையும் மாற்றிவிடலாம். அதன்பின் வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டச்சு செய்தாலும், போய்ச் சேரும் இடத்தை அவரே முடிவு செய்வார். 2011இல் முறியடிக்கப்பட்ட டிஎன்எஸ்சேஞ்சர் கும்பலின் நிரல், சுமார் 40 லட்சம் கணினிகளில் புகுந்ததோடு, தொழிற்சாலைக் கடவுச்சொல் மாறாமல் இருந்த ரவுட்டர்களிலும் இந்த மாற்றத்தைச் செய்ய முயன்றது.

என் சித்தி வீட்டு ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை அவர் இணைப்புப் பெற்ற நிறுவனத்திடம் கேட்டேன். பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தர இயலாது என்றார்கள். தொலைவிலிருந்து நீங்களே பராமரிப்பதில் பயன் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பராமரிப்பு வாசலும் தாக்கப்படக்கூடியதே. 2016 நவம்பரில் ரவுட்டர்களின் அந்த வாசலைக் குறிவைத்து நடந்த தாக்குதலில், ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்கள் இணைப்பை இழந்தார்கள். உங்களிடம் ஒரு சாவி இருக்கட்டும். வீட்டுக்காரரிடமும் ஒன்று இருக்க வேண்டும்.

பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியைப் பற்றியும் ஒரு சொல். அதன் எட்டு இலக்க எண் வழியை, அருள்கூர்ந்து, நிறுத்திய நிலையிலேயே விற்பனைக்கு அனுப்புங்கள். எட்டாவது இலக்கம் சரிபார்ப்புக்கானது; மீதமுள்ளதையும் ரவுட்டர் இரு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்ப்பதால், ஒரு கோடி முயற்சி தேவைப்பட வேண்டிய இடத்தில் 11,000 முயற்சிகள் போதும் என்பது 2011 டிசம்பரிலேயே வெளியாகிவிட்டது.

எல்லாவற்றிலும் எனக்கு மிகுந்த கவலை தருவது அப்டேட். 2014 டிசம்பரில், ரவுட்டர்களுக்குள் இயங்கும் ரோம்பேஜர் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை ஒன்றால் குறைந்தது 1.2 கோடி ரவுட்டர்கள் திறந்து கிடப்பதாகப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்த ஓட்டையை மென்பொருளை எழுதியவர்கள் 2005ஆம் ஆண்டிலேயே அடைத்துவிட்டார்கள் என்பதுதான் என் மனத்தை விட்டு அகலாத செய்தி. ஒன்பது ஆண்டுகளாக மருந்து இருந்தும், தயாரிப்பாளர், இணைப்பு வழங்குபவர், வீட்டுக்காரர் என்ற சங்கிலியில் அது நோயாளியிடம் போய்ச் சேரவில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணியாகிய வீட்டுக்காரருக்கு, ரவுட்டரை இயக்கும் உள் மென்பொருளாகிய ஃபர்ம்வேர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே முதல் இரு கண்ணிகளான உங்கள் மீதுதான் முழுப் பொறுப்பும் விழுகிறது.

ஒரு ரவுட்டருக்கு எந்த நாள் வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள். மருந்துப் பட்டையில் காலாவதி நாளைப் பார்த்து வாங்கத் தெரிந்த மக்களுக்கு இதையும் பார்த்து வாங்கத் தெரியும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், குறைந்தபட்ச அப்டேட் காலத்தை வாங்குபவருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் என்ற வழக்கத்தையும் தடை செய்கிறது. அங்கே செய்து காட்டிய ஒன்றை மற்ற இடங்களில் சட்டம் வரும் வரை தள்ளிப்போட வேண்டியதில்லை.

பெட்டியை வைக்கும் இடத்தைப் பற்றி உங்கள் ஊழியர் இரண்டு வரி சொன்னால் போதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து தொலைவு போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர்களில் சோர்ந்துவிடும். இரும்பு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திய ரவுட்டரை நானே மூன்று வீடுகளில் வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். திரையில் காட்டும் 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்தான் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால், பின்னால் வரும் புகார்களில் சில உங்களுக்கே குறையும்.

நான் போகும் வீடுகளில் விட்டுவர ஒரே ஒரு தாள் தயாரித்து வைத்திருக்கிறேன். முன்பக்கத்தில் ரவுட்டரின் இரு பக்கங்களின் படமும் ஒவ்வொரு விளக்கின் பொருளும் இருக்கின்றன. பின்பக்கத்தில் நிர்வாகப் பக்கத்தின் முகவரி, இரண்டு கடவுச்சொற்களை எழுதக் கட்டங்கள், கடைசியாக அப்டேட் செய்த நாள், ரீசெட் பொத்தானை அழுத்தினால் எவையெல்லாம் அழிந்துபோகும் என்ற குறிப்பு ஆகியவை இருக்கின்றன. அதை உங்கள் பெயரிலேயே அச்சிட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒவ்வோர் இணைப்பிலும் அதைப் படித்துக் காட்ட உங்கள் ஊழியருக்குக் கூடுதலாக 20 நிமிடம் ஒதுக்குங்கள். அந்த 20 நிமிடத்தை அவருடைய அன்றைய கணக்கில் குறையாக எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
அக்கம்பக்கத்து ரவுட்டர்களைப் பார்த்துக் கொடுக்கும் ஒரு வாடிக்கையாளர்