இசை மாலையும் கைப்பேசிகளும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

கோத்தகிரி

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்து, திருத்திய விடைத்தாள்கள் பிள்ளைகளிடம் தரப்பட்டுவிட்டன. விளையாட்டுப் போட்டிகளிலும் அறிவியல் கண்காட்சியிலும் பரிசு பெற்ற மாணவர்களுக்கும் அவர்களுக்குப் பயிற்சியளித்த ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். மதிப்பெண் பட்டியலில் கையொப்பமிட்டு இந்த வாரத்துக்குள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை நடந்த இசை மாலையைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அன்று ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பாடியவை, செக் இசையமைப்பாளர் ஹான்ஸ் க்ராசா 1938இல் இயற்றிய 'புருண்டிபார்' என்ற சிறுவர் இசைநாடகத்தின் சில காட்சிகள். நோயுற்ற தாய்க்குப் பால் வாங்கக் காசில்லாத இரு பிள்ளைகள் சந்தையில் பாடிக் காசு சேர்க்கப் பார்க்கிறார்கள். அங்கே இசைப்பெட்டி வாசிக்கும் புருண்டிபார் அவர்களைத் துரத்துகிறான். குருவி, பூனை, நாயுடன் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து பாடி அவனை வெல்கிறார்கள். ஹிட்லரின் நாஜிகள் யூதரான க்ராசாவைத் தெரேசின் என்ற ஊரிலிருந்த சிறைமுகாமில் அடைத்தபோது, அங்கே கிடைத்த வாத்தியங்களுக்கு ஏற்ப அவர் இதை மறுபடி எழுதினார். 1943 செப்டம்பர் 23 அன்று முகாமில் அரங்கேறிய நாடகத்தை, அங்கே அடைபட்டிருந்த பிள்ளைகளே 55 முறை நடத்தினார்கள். ஆஷ்விட்ஸ் என்ற கொலைமுகாமுக்கு ரயில் புறப்படும்போதெல்லாம் பாடியவர்களில் சிலர் அதில் கொண்டுபோகப்பட, அவர்கள் விட்ட இடத்தில் வேறு பிள்ளைகள் பாட்டைப் பாடம் செய்துகொண்டு நின்றார்கள். 1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தபோது, முகாமில் எல்லாம் நலம் என்று காட்டுவதற்கு நாஜிகள் இதே நாடகத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அவ்வாண்டு அக்டோபரில் க்ராசா ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். மேடையில் நிற்கும் நேரம் மட்டும் யூதர் என்று அடையாளம் காட்ட அணியவைத்த மஞ்சள் நட்சத்திரம் சட்டையில் இல்லாமல் இருக்க முடிந்ததை, பூனையாகப் பாடி உயிர்தப்பிய பெண்மணி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

எங்கள் இசை ஆசிரியை இவற்றை வயதுக்கேற்பச் சொல்லித்தான் பாட்டுகளைக் கற்றுக்கொடுத்தார். கடைசிப் பாட்டுக்குப் பின் கைதட்டல் வேண்டாம், ஒரு நிமிடம் அமைதியாக இருக்கலாம் என்று கேட்டவர்கள் பிள்ளைகளே. அழைப்பிதழிலும் அதை அச்சிட்டிருந்தோம்.

அந்த ஒரு நிமிடத்துக்குள் மூன்று கைப்பேசிகள் ஒலித்தன. ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே பேசியும் முடித்தார். அதற்கு முன்பே, தாலாட்டு தொடங்கியபோது முன்வரிசையில் பலர் எழுந்து நின்று படமெடுத்தார்கள். சிறுமியாக நடித்த ஆறாம் வகுப்பு மாணவி, கைப்பேசி வெளிச்சம் கண்ணில் அடித்ததில் பாட்டின் ஓர் அடியை விட்டுவிட்டாள். பால் வாங்குவதற்கென்று கையில் வைத்திருந்த தூக்குப்போசியை மார்போடு அணைத்துக்கொண்டு, பியானோ திரும்ப அதே இடத்துக்கு வரும்வரை நின்று, பிறகு சேர்ந்துகொண்டாள். நான் மேடை ஓரத்தில் இருந்தேன். போசியின் மூடி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

தேயிலைத் தோட்ட வேலை முடித்து நேராக வந்தவர்கள் உங்களில் பலர் என்பதை அறிவேன். திருப்பூரிலோ கோவையிலோ வேலையிலிருக்கும் தந்தைக்குப் பிள்ளையின் பாட்டை அனுப்ப வேண்டும் என்ற ஆசையும் இயல்பானதே. ஆயினும் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன்: இனி நிகழ்ச்சி நடக்கும்போது அரங்கினுள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. வாயிலில் ஒப்படைத்து டோக்கன் பெற்றுக்கொள்ள வேண்டும். பாட்டு நடக்கையில் கதவு திறக்கப்படாது. மீறுபவர் யாராக இருந்தாலும் வெளியே அழைத்துச் செல்லுமாறு ஆசிரியர்களிடம் கூறியிருக்கிறேன். பள்ளியே காணொளி எடுத்து எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பும்.

இவ்வளவு துயரமான, அரசியல் கலந்த இசை பிள்ளைகளுக்கு எதற்கு என்று மூன்று பெற்றோர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களுடைய கவலையை மதிக்கிறேன். விருப்பமில்லாத பிள்ளைகளை யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் போரையும் ஒடுக்குமுறையையும் பட்டவர்களின் இசையை ஒளித்துவைப்பதால் பிள்ளைகளுக்கு நன்மை விளையும் என்று நான் நம்பவில்லை. போலந்து இசையமைப்பாளர் கோரெக்கி 1976இல் எழுதிய மூன்றாம் சிம்பொனியை ஒன்பதாம் வகுப்பில் ஒலிக்கவிட்டோம். அதன் இரண்டாம் பகுதியில் வரும் சொற்கள், சக்கோபனே என்ற மலையூரில் நாஜிக் காவலில் இருந்த 18 வயதுப் பெண் 1944இல் சிறைச்சுவரில் எழுதியவை. 'அம்மா, அழாதே' என்று அவை தொடங்குகின்றன. பொருள் சொன்னதும், தலைமன்னாரில் கப்பலேறும்போது தன் பாட்டி அவருடைய அம்மாவிடம் இதையேதான் சொன்னாராம் என்று ஒரு மாணவன் எழுந்து கூறினான். 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்கள் நம் பள்ளியில் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். அந்த இசை நம் பிள்ளைகளுக்கு அந்நியமாக இல்லை.

உடைகள் தைத்துக் கொடுத்த தாய்மார்களுக்கும், ஒத்திகை நாட்களில் இருட்டிய பிறகும் பிள்ளைகளைத் தவறாமல் வந்து அழைத்துச் சென்ற அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நிகழ்ச்சி முடிந்ததும் சிறுமியாக நடித்த அந்த மாணவியைத் தேடி வந்து, ஒலித்தது தம் கைப்பேசிதான் என்று சொல்லி வருத்தம் தெரிவித்த பெற்றோருக்குத் தனியாக நன்றி கூறுகிறேன். அவள் அன்று சிரித்தபடிதான் வீட்டுக்குப் போனாள்.

பிள்ளைகள் இன்னொரு முறை பாட விரும்புகிறார்கள். வரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 3 மணிக்குள் முடித்துவிடுவோம். மாலைப் பேருந்தைப் பிடிக்க யாரும் நடுவில் எழ வேண்டியிருக்காது. அவசியம் வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்